இரண்டரை டன் காற்று

பெரம்பலூர் மாவட்டத்தின் பூலாம்பாடிப் பக்கம் யாராவது ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பினால், சாத்துக்குடியும் ஹார்லிக்ஸுமாகப் பார்க்கப் போகிறவர்களிடம் அவர்கள் கத்தியைப் பற்றியோ டாக்டரைப் பற்றியோ அதிகம் பேசுவதில்லை. “உள்ள கொண்டுபோனதும் ஒரே குளிரு, பல்லு கடகடன்னு அடிச்சுக்கிச்சு” என்பார்கள். மயக்க மருந்து வேலை செய்யும்வரை மனத்தில் பதிவது அந்தக் குளிர்தான். பெரம்பலூரானாலும் திருச்சியானாலும் கோலாலம்பூரானாலும் ஆபரேஷன் தியேட்டர் குளிரில் பேதமில்லை. பூலாம்பாடியிலிருந்து மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய் வந்தவர்கள் பலர் உண்டு. அவர்களைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

அந்தக் குளிர் எங்கிருந்து வந்தது? ‘ஏசியிலிருந்து’ என்பது பாதி பதில்கூட இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள தியேட்டர் 108 கன மீட்டர் காற்றைக் கொள்ளும். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்.ஏ.பி.ஹெச். அமைப்பின் வழிகாட்டுதல்படி, அந்தக் காற்று மணிக்கு 20 தடவையாவது மாற வேண்டும். அதில் 4 தடவைக்கான காற்றாவது வெளியிலிருந்து புதிதாக வர வேண்டும். ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 1.2 கிலோ. ஆக, அந்த ஒற்றை அறைக்குள் மணிக்கு இரண்டரை டன் காற்று வடிகட்டப்பட்டு, குளிர்விக்கப்பட்டு, கூரையிலிருந்து இறங்குகிறது. ஒரு நாளைக்கு 60 டன்னுக்கு மேல். மேசையில் நோயாளி இல்லாத நள்ளிரவிலும் இது ஓடுகிறது, கரண்ட் பில்லும் கூடவே ஓடுகிறது.

இந்தக் காற்றின் வரலாற்றில் மருத்துவர்கள் கொஞ்சம் பேர்தான். பாதிரியார், சிறைக்கைதி, ஐஸ் வியாபாரி, அச்சுக்கூடக்காரர், பஞ்சாலை இன்ஜினியர், அணுகுண்டு செய்தவர் என்று மற்றவர்களே அதிகம். ஒவ்வொருவரும் தத்தம் பயத்துக்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். பயம் போன பிறகும் மருந்து மட்டும் தியேட்டரில் தங்கிவிட்டது. பூலாம்பாடியைச் சுற்றி விளையும் பருத்தியும் இந்தக் கதையில் எதிர்பாராத இடங்களில் தலைகாட்டும்.

தொடக்கத்தில் இருந்தது புகை. காயம்பட்டவர் படுத்திருக்கும் அறைக்கு வெண்கடுகு, வேப்பிலை, குங்கிலியம், நெய் முதலியவற்றால் புகைபோடச் சொல்கிறது சுசுருத சம்ஹிதை. நம் வீடுகளில் குழந்தை பிறந்த அறைக்குச் சாம்பிராணி காட்டுவதற்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை. கெட்ட காற்றே நோய் தரும் என்று ஐரோப்பாவும் பல நூற்றாண்டுகள் நம்பியது. நம்பிக்கை தப்பானதுதான். ஆனால் அதன் பேரில் செய்த காரியங்கள் பல சரியாகவே அமைந்துவிட்டன.

ஸ்டீஃபன் ஹேல்ஸ் லண்டனுக்கு அருகே டெடிங்டன் என்ற ஊரில் பாதிரியார். செடிகளில் நீர் ஏறுவதை அளந்தவர். 1741இல், கப்பலின் அடித்தளத்தில் தேங்கும் காற்றை வெளியேற்றப் பெரிய துருத்திகளை அமைக்கலாம் என்று ராயல் சொசைட்டியில் படித்துக் காட்டினார். அதே ஆண்டில் ஸ்வீடனில் மோர்டன் டிரீவால்ட் கிட்டத்தட்ட அதே கருவியோடு வந்து நின்றார். அதற்குள் லண்டனில் சாமுவேல் சட்டன் என்பவர், துருத்தியெல்லாம் எதற்கு, கப்பலின் அடுப்படி நெருப்பே குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சிவிடும் என்று போட்டிக்குக் கிளம்பினார். யார் முதலில், யார் யாரைக் காப்பியடித்தார் என்ற சண்டை நன்றாகவே நடந்தது.

ஹேல்ஸின் துருத்திக்கு மவுசு வந்தது வேறொரு விபத்தால். 1750இல் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்துக்கு நியூகேட் சிறையிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்தபோது சிறைக் காய்ச்சலும் கூடவே வந்தது. நீதிபதிகளும் லண்டன் மேயரும் செத்துப்போனார்கள். கைதிகள் காலங்காலமாகச் செத்துக்கொண்டிருந்ததற்கு யாரும் அசையவில்லை. நீதிபதி செத்ததும் இரண்டே ஆண்டில் நியூகேட் கூரையில் காற்றாலை ஏறியது. அது சுழன்று ஹேல்ஸின் காற்றோட்டக் கருவியை இயக்கியது. காய்ச்சலைப் பரப்பியது காற்றல்ல, பேன் என்பது தெரிய 20ஆம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது.

அதே காலத்து இன்னொரு சம்பவம் எனக்குப் பிடித்தமானது. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் புழுக்கத்தைப் போக்க, மேல்தளத்தில் நெருப்பு மூட்டிச் சூடான காற்றை மேலே இழுக்கும் ஏற்பாட்டை டெசகுலியர்ஸ் என்ற விஞ்ஞானி செய்துகொடுத்தார். மேல்தள அறைகள் ஸ்மித் என்ற பெண்மணியின் பொறுப்பில் இருந்தன. தன் அறையில் இன்னொருவர் கருவி இருப்பது அந்த அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. சபை கூடி அவை சூடான பிறகே நெருப்பை மூட்ட விட்டார், கருவி தோற்றது. பிறகு 1736இல், ஆள் நின்று கையால் சுற்றும் சக்கர விசிறியை டெசகுலியர்ஸ் வைத்தார். காற்றோட்டத்தில் கருவியைவிட அதன் சாவியை வைத்திருப்பவர் முக்கியம் என்பதை அன்றே அவர் படித்துவிட்டார்.

நூறு ஆண்டு தாண்டினால் கிரிமியப் போர். ஸ்குடாரி மருத்துவமனையில் புண்ணைவிடக் காய்ச்சலில் அதிகப் படைவீரர்கள் செத்தார்கள். பாலங்களும் ரயில் பாதைகளும் கட்டிய புருனெல் 1855இல் ஒரு மருத்துவமனையையே துண்டு துண்டாகச் செய்து துருக்கியின் ரென்கியோவுக்குக் கப்பலில் அனுப்பினார். 50 படுக்கைக்கு ஒரு கூடம். ஒவ்வொரு கூடத்துக்கும் ஒரு விசிறி, அதைச் சுற்ற ஓர் ஆள். இயந்திரக் காற்று நோயாளியின் படுக்கைவரை வந்துவிட்டது.

நம் பக்கத்தில் ஆள்பலத்துக்குப் பஞ்சமே இல்லை. வெள்ளைக்காரர்களின் பங்களாக்களிலும் கோர்ட்டுகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் கூரையில் பங்கா தொங்கியது. வெளித் திண்ணையில் ஒருவர் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தார். ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி, அதன்மேல் தண்ணீர். அந்தத் தட்டியைப் பெட்டிக்குள் பொருத்தி, உள்ளே விசிறியைச் சுற்றவிட்டு, அதற்கு ‘தெர்மான்டிடோட்’ என்று வாயில் நுழையாத பெயரும் வைத்தார்கள். இன்று கோடையில் தெருவுக்குத் தெரு விற்கும் ஏர்கூலருக்கு அதுதான் பாட்டன்.

வெட்டிவேர் போதாதவர்களுக்கு பாஸ்டனிலிருந்து ஐஸ் வந்தது. ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி, அமெரிக்காவில் உறைந்த குளங்களை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, 1833இல் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார். சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த அவருடைய ஐஸ் கிடங்குதான் பின்னாளில் விவேகானந்தர் தங்கிய வீடானது. அந்தப் பகுதி இன்றைக்கும் ஐஸ் ஹவுஸ்தான். அதே அமெரிக்க ஐஸ் ஃபுளோரிடாவின் அபலாச்சிகோலா துறைமுகத்துக்கும் போனது. அது பருத்தி ஏற்றும் ஊர். அங்கே ஜான் கோரி என்ற டாக்டர், காய்ச்சல் நோயாளிகளின் அறையில் கூரையோரம் ஐஸ் நிறைந்த தட்டைத் தொங்கவிட்டு, குளிர்ந்த காற்றைக் கீழே இறங்கவிட்டார். கப்பல் எப்போதும் நேரத்துக்கு வராதே! அதனால் ஐஸ் செய்யும் இயந்திரத்தையே செய்து 1851இல் காப்புரிமை வாங்கினார். முதல் போட யாரும் முன்வரவில்லை; 1855இல் நொடிந்துபோய் இறந்தார். ஐஸ் வியாபாரிக்குச் சென்னையில் மாளிகை, ஐஸ் மிஷின் செய்தவருக்கு ஊரார் கேலி. வியாபாரத்தில் இது புதிதல்ல.

இதற்கிடையே கெட்ட காற்றுக் கொள்கை ஆட்டம் கண்டது. ஜோசப் லிஸ்டர் 1865இல் கிளாஸ்கோவில், வண்டி ஏறிக் கால் முறிந்த 11 வயதுப் பையனின் புண்ணுக்குக் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் கட்டுப்போட்டார்; கால் பிழைத்தது. கிருமி காற்றில் மிதந்து வருகிறது என்று நம்பிய அவர், தியேட்டர் முழுக்கக் கார்பாலிக் அமிலத்தைத் தெளிக்கும் கருவியும் செய்தார். டாக்டர்கள் கைகள் வெந்து, இருமிக்கொண்டே அறுத்தார்கள். உலகம் முழுக்க அதைக் காப்பியடித்தது. பிறகு, முக்கியக் குற்றவாளி காற்றல்ல, கையும் கருவியும் கட்டுத்துணியும்தான் என்று புரிந்தபோது, லிஸ்டரே தெளிப்பானை மூட்டை கட்டினார். 1890இல் பெர்லின் மாநாட்டில் அதற்காக வெட்கப்படுவதாகவும் சொன்னார். அவர் கைவிட்டதை நாம் முழுதாக விடவில்லை. தியேட்டரை மூடி ஃபார்மலின் புகைபோடும் ‘ஃபியூமிகேஷன்’ நம்மூர் ஆஸ்பத்திரிகளில் நெடுங்காலம் வாராவாரச் சடங்காக இருந்தது. கண்ணெரிச்சல் தருவதோடு புற்றுநோயும் தரக்கூடியது ஃபார்மலின். புகை போட்ட மறுநாள் காலை உள்ளே நுழையும் ஆட்கள் கொண்டுவரும் கிருமியை அது ஒன்றும் செய்யாது.

காற்றை அடக்கியாளும் வித்தை கடைசியில் அச்சுக்கூடத்தில் பிறந்தது. 1902இல் நியூயார்க் புரூக்ளினில் சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் அச்சகத்துக்கு ஒரு தலைவலி. ஈரப்பதம் ஏறி இறங்க, காகிதம் விரிந்து சுருங்க, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சாகும் வண்ணங்கள் இடம் மாறி விழுந்தன. 25 வயது வில்லிஸ் கேரியர் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் இயந்திரத்தை வரைந்து கொடுத்தார். மனிதருக்கு வியர்ப்பது பற்றி யாரும் கவலைப்படவில்லை. காகிதத்துக்கு வியர்த்ததுதான் பிரச்சினை. அடுத்து பஞ்சாலைகள். காற்று உலர்ந்தால் நூல் அறும், பஞ்சு பறக்கும். 1906இல் ‘ஏர் கண்டிஷனிங்’ என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஸ்டூவர்ட் கிராமர், அமெரிக்காவின் வட கரோலினாவில் பஞ்சாலைகளுக்கு வேலை செய்த இன்ஜினியர். கோவை மில்களில் வேலை பார்த்தவர்களுக்கு ‘ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்’ என்றால் விளக்கம் தேவைப்படாது. தியேட்டர் ஏசியும் அந்த வம்சத்தில் வந்ததே.

தியேட்டருக்குள் அது நுழைந்ததற்கு வெடிபயமும் ஒரு காரணம். ஈதர் பற்றி எரியும். 1930களில் வந்த சைக்ளோபுரொப்பேன் மயக்க வாயு இன்னும் மோசம். கம்பளியும் ரப்பரும் உரசி ஒரு பொறி கிளம்பினால் மேசையிலேயே வெடிக்கும். ஈரக் காற்றில் நிலை மின்சாரம் சேராது. ஆகவே அமெரிக்க விதிகள் தியேட்டரின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றன. மின்சாரம் கடத்தும் தரை, தனிச் செருப்பு எல்லாம் வந்தன. 1956இல் எரியாத ஹாலோத்தேன் வந்ததும் வெடிபயம் மெல்ல ஒழிந்தது. ஈரப்பத விதி மட்டும் உடனே ஒழியவில்லை. அமெரிக்க இன்ஜினியர்கள் சங்கத் தரநிலை அந்தக் கீழ்வரம்பை 20 சதவீதத்துக்கு இறக்க 2010 ஆனது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் எத்தனை தியேட்டர்கள், வராத ஒரு தீப்பொறிக்காகக் காற்றை நனைத்துக்கொண்டிருந்தன!

அடுத்த பயம் சீழ். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தீக்காயங்களைக் கட்டிய பர்மிங்காம் மருத்துவர்கள், கட்டுப் பிரிக்கும்போது அறைக்காற்றில் கிருமி பெருகுவதைக் கண்டார்கள். வடிகட்டிய காற்றை அழுத்தி உள்ளே செலுத்தினால், கதவு திறந்தாலும் உள்காற்று வெளியே போகுமே தவிர வராந்தாக் காற்று உள்ளே வராது என்று பூர்டிலன், கோல்புரூக் என்ற ஆய்வாளர்கள் 1946இல் எழுதினார்கள். ‘பாசிடிவ் பிரஷர்’ என்று தியேட்டர் சிஸ்டர்கள் சொல்வது இதைத்தான். அதைவிடப் பெரிய காரியம் நடந்தது அணுகுண்டுத் திட்டத்தில். ஜெர்மானியர்களிடமிருந்து கைப்பற்றிய வாயு முகமூடியில் இருந்த வடிதாளைப் பிரித்துப் பார்த்து, காப்பியடித்து, மேம்படுத்தி, கதிரியக்கத் தூசியைப் பிடிக்கும் வடிகட்டியை அமெரிக்கர்கள் செய்தார்கள். அதுதான் ஹெபா ஃபில்டர். 0.3 மைக்ரான் துகளில் 10 ஆயிரத்துக்கு 3 மட்டுமே தப்பும்.

ஃபில்டர் இருந்தும் அணு ஆயுத உதிரிபாகங்களில் தூசி விழுந்துகொண்டே இருந்தது. நியூ மெக்சிகோவின் சாண்டியா ஆய்வகத்தில் வில்லிஸ் விட்ஃபீல்ட் 1960களின் தொடக்கத்தில் ஓர் எளிய விஷயத்தைக் கவனித்தார். காற்று சுழன்றால் தூசியும் சுழன்று திரும்பவும் விழும். களத்தில் நெல் தூற்றும்போது காற்று பதரை ஒரே பக்கமாக ஒதுக்குவதுபோல, அறை முழுக்க ஒரே திசையில் சீராக ஓடவிட்டால் தூசி திரும்ப வழியில்லை. இதுதான் லாமினார் ஃப்ளோ. தூசியை அளந்து பார்த்தவர்கள், காட்டிய அளவு அவ்வளவு குறைவாக இருந்ததால், கருவி கெட்டுவிட்டது என்றே நினைத்தார்களாம். உரிமை அரசாங்கத்திடம் இருந்ததால் யார் வேண்டுமானாலும் காப்பியடிக்கலாம் என்றாயிற்று; மருந்துக் கம்பெனியும் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியும் பாய்ந்தன. 1966இல் அதே ஊரான ஆல்புகெர்க்கியின் பட்டான் நினைவு மருத்துவமனையில் தியேட்டருக்கும் வந்தது.

அட்லாண்டிக்கின் மறுகரையில் ஜான் சார்ன்லி காத்திருக்கவில்லை. லங்காஷயரின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையை உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். மூட்டு நன்றாகப் பொருந்தியது. ஆனால் நூற்றுக்கு எட்டு, ஒன்பது பேருக்குச் சீழ் பிடித்தது. ஆஸ்பத்திரி இன்ஜினியர்களை விட்டுவிட்டு அவர் போய் நின்ற இடம் ஹோவர்த் என்ற கம்பெனி. பஞ்சாலைகளில் தூசி அகற்றிப் பேர் வாங்கிய குடும்பம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அவர்கள் ஊர் ஆலைகள் பஞ்சில்லாமல் தவித்தபோது நம் கரிசல் பருத்தியும் அங்கே கப்பலேறியதுண்டு. அந்தப் பருத்தித் தூசியோடு மல்லுக்கட்டிப் பழகிய கை இப்போது சார்ன்லிக்குத் தியேட்டருக்குள் ஒரு தியேட்டர் கட்டிக் கொடுத்தது: கண்ணாடிக் கூண்டு, மேலிருந்து இறங்கும் வடிகட்டிய காற்று, டாக்டரின் மூச்சையும் உடல் சூட்டையும் குழாய் வழியே உறிஞ்சும் விண்வெளிக்காரர் உடை. பருத்தித் துணியின் இழை இடைவெளி வழியாகத் தோல் செதில்கள் உதிர்கின்றன என்று அவர் கண்டதால் வந்த உடை அது. நாம் நடக்கும்போது நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் செதில் உதிர்க்கிறோம். கிருமி அதில்தான் சவாரி செய்கிறது. சீழ் விகிதம் ஒரு சதவீத அளவுக்கு இறங்கியது. பருத்தி ஆலைதான் தியேட்டர் காற்றைத் தந்தது, பருத்தி அங்கிதான் அதைக் கெடுத்தது.

1982இல் லிட்வெல் என்பவரின் குழு 8,000க்கு மேற்பட்ட மூட்டு ஆபரேஷன்களை ஒப்பிட்டு, மிகத்தூய காற்று ஆழமான சீழைப் பாதியாகக் குறைக்கிறது என்றது. ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் சீழ் குறைகிறது என்பதும் அதே ஆய்வில் இருந்தது. காதில் விழுந்தது முதல் பாதிதான். மூட்டு மாற்றும் தியேட்டருக்கு லாமினார் ஃப்ளோ என்பது கௌரவச் சின்னமாக உலகெங்கும் பரவியது. நம் கார்ப்பரேட் ஆஸ்பத்திரி விளம்பரங்களிலும் இடம் பிடித்தது. பின்னர் ஜெர்மனியிலும் நியூசிலாந்திலும் பெரிய பதிவேடுகளைப் புரட்டியவர்களுக்கு அந்தப் பலன் தென்படவில்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம், மூட்டு மாற்றுச் சிகிச்சையில் தொற்றைக் குறைப்பதற்காக லாமினார் ஃப்ளோ வைக்க வேண்டியதில்லை என்று பரிந்துரைத்தது. சான்று வலுவற்றது என்ற எச்சரிக்கையோடுதான். எலும்பு டாக்டர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள். சாதாரண வடிகட்டிய காற்றோட்டம் வேண்டாம் என்று அந்த ஆய்வாளர்களும் சொல்லவில்லை, உலக சுகாதார நிறுவனமும் சொல்லவில்லை.

இத்தனையும் சேர்ந்துதான் நம் தியேட்டரின் கரண்ட் பில். வான்கூவர், மின்னசோட்டா, ஆக்ஸ்ஃபோர்டு ஆகிய மூன்று இடங்களின் மருத்துவமனைகளை அளந்து 2017இல் வந்த ஆய்வு, மருத்துவமனையின் மற்ற பகுதிகளைவிட தியேட்டர் 3 முதல் 6 மடங்கு எரிசக்தி தின்கிறது என்றது. தின்பது பெரும்பாலும் காற்றோட்டமும் ஏசியும். விளக்கும் மானிட்டரும் கொறிப்பது கொஞ்சம்தான். நம்மூர்ப் புழுக்கத்தில் இன்னொரு கூத்தும் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிய அதை ஏறக்குறைய 12 டிகிரிவரை குளிர்விக்க வேண்டும். அப்படியே விட்டால் நோயாளி விறைத்துவிடுவார் என்பதால், ஹீட்டர் போட்டு மறுபடி சூடேற்றுவார்கள். குளிர்விக்கவும் காசு, சூடேற்றவும் காசு.

குறைக்க வழி இல்லாமலில்லை. ஓர் ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையின் மொட்டைமாடியில், தியேட்டருக்குக் காற்றைக் குளிர்வித்து அனுப்பும் ஏ.ஹெச்.யு. இயந்திரத்தைப் பார்த்திருக்கிறேன். தகரக் கதவைத் திறந்ததும் பெல்ட் ரப்பர் வாடை. கீழே தட்டில் சொட்டும் தண்ணீர். ஃபில்டரின் முன்னும் பின்னும் அழுத்தம் காட்டும் வட்டமான மீட்டர். சுவரில் வி.எஃப்.டி. என்ற டிரைவ், மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி. திரையில் 50.0 என்று சிவப்பு எழுத்து, அதாவது முழு வேகம். அதன் பட்டன்கள்மீது செலோ டேப் ஒட்டி, ‘டோன்ட் டச்’ என்று எழுதியிருந்தது. “ராத்திரியிலயாவது குறைக்கலாமே?” என்று கேட்டேன். “நமக்கு எதுக்கு சார் வம்பு? நாளைக்கு யாருக்காச்சும் சீழ் பிடிச்சா என்னைத்தான் கேப்பாங்க” என்றார் அங்கிருந்த எலக்ட்ரீஷியன்.

அவர் பயத்தைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதுவும் பெரம்பலூர் மாவட்டத்துக்காரர்களிடம். 2008 ஜூலை இறுதியில், இலவச முகாம் வழியாக அழைத்துவரப்பட்டு பெரம்பலூரில் கண்புரை அறுவை செய்துகொண்ட ஏழை முதியவர்களில் பலர் கிருமித்தொற்றால் பார்வை இழந்தார்கள். வழக்கு சி.பி.ஐ. வரை போனது. அப்படி ஒன்றைக் கேள்விப்பட்ட ஊரில் தியேட்டரின் எந்தப் பட்டனையும் குறைக்க யாருக்குக் கை வரும்?

ஆனாலும் அந்த டிரைவுக்குள் இருக்கும் கணக்கு கவர்ச்சியானது. டென்மார்க்கின் டான்ஃபாஸ் 1968இல் முதன்முதலாக மொத்தமாகத் தயாரித்து விற்ற பெட்டி அது. இன்று அந்தக் கம்பெனிக்கு நம் ஒரகடத்திலேயே ஆலை இருக்கிறது. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும்; மின்சாரமோ எட்டில் ஒன்றாகும். 5 குதிரைச்சக்தி மோட்டார், அதாவது 3.7 கிலோவாட், முழுச் சுமையில் 24 மணி நேரமும் ஓடினால் நாளொன்றுக்கு 89 யூனிட். பகலில் 10 மணி நேரம் 50 ஹெர்ட்ஸிலும் மீதி 14 மணி நேரம் 30 ஹெர்ட்ஸிலும் ஓடினால், ஏட்டுக் கணக்கில் 48 யூனிட்டுக்குச் சற்று மேல். டிரைவின் சொந்த இழப்பைக் கழித்தாலும் லாபம் கணிசம். குளிர்விக்கும் இயந்திரத்தில் மிச்சமாவது தனி.

இது விதியை மீறுவதுமல்ல. என்.ஏ.பி.ஹெச். வழிகாட்டுதலே, ஆபரேஷன் இல்லாத நேரத்தில் டிரைவ் மூலம் காற்று மாற்றத்தை வழக்கமான அளவில் 25 சதவீதமாகும்வரை இறக்கலாம் என்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: பாசிடிவ் பிரஷர் கெடக் கூடாது. அதனால் விசிறியை அடியோடு நிறுத்தக் கூடாது. ஆனால் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் மருத்துவமனையில் இரவில் அடியோடு நிறுத்தியே பார்த்தார்கள். காலையில் ஓடவிட்டு அரை மணி நேரத்தில் காற்று பழைய தூய்மைக்குத் திரும்பியதாக 2003இல் எழுதினார்கள். என்.ஏ.பி.ஹெச். வழிகாட்டுதல் ஸ்பிளிட் ஏசியைத் தியேட்டரில் வைக்கவே கூடாது என்றும் சொல்கிறது. உள்காற்றையே சுற்றிச் சுற்றி விடும், அழுத்தம் தராது, உள்ளே பூஞ்சை குடியேறும். சிறு ஊர் நர்சிங் ஹோம்களில் மிச்சம் பிடிப்பதாக நினைத்து ஸ்பிளிட் ஏசி மாட்டுவது நான் சொல்லும் சிக்கனத்தில் சேராது.

வேறு விதமான சிக்கனத்துக்கு மதுரையைப் பார்க்க வேண்டும். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், ஒரே தியேட்டரில் பல மேசைகள். ஒரு மேசையில் முடித்ததும் டாக்டர் பக்கத்து மேசைக்குத் திரும்புவார். அங்கே அடுத்தவர் தயார். காற்றும் ஏசியும் மணிக்கணக்கில் செலவாகிறவை. அந்த ஒரு மணி நேரத்தை எத்தனை கண்கள் பங்குபோட்டுக்கொள்கின்றனவோ அவ்வளவுக்கு ஒரு கண்ணின் செலவு குறையும். அவர்களின் புதுச்சேரி மருத்துவமனையை அளந்து 2017இல் வந்த ஆய்வு, ஒரு கண்புரை அறுவைக்கு 6 கிலோ கரியமில வாயு என்றது. பிரிட்டனில் ஆவதில் இது இருபதில் ஒரு பங்கு. கருவிகளைக் கழுவிக் கொதிக்கவைத்துத் திரும்பப் பயன்படுத்துவதும் இதற்கு முக்கியக் காரணம். தொற்று? 6 லட்சத்துக்கு மேற்பட்ட கண்களைப் பார்த்து அதே ஆண்டில் அவர்களே வெளியிட்ட கணக்கில், அறுவை முடிவில் கண்ணுக்குள் மாக்சிஃப்ளாக்சசின் மருந்தைச் செலுத்தத் தொடங்கிய பிறகு கண்ணுள் சீழ் 0.07 சதவீதத்திலிருந்து 0.02க்கு இறங்கியது. கண்ணில் போடும் துளைக்கும் இடுப்பில் திறக்கும் புண்ணுக்கும் ஒரே காற்று விதி பொருந்தாதுதான். ஆனால் எந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு காற்று என்று தனித்தனியாகக் கேட்கலாம் என்பதற்கு மதுரை ஒரு சாட்சி.

2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரியலூரும் ஒன்று. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்காரர்களும் பெரிய ஆபரேஷன் என்றால் திருச்சி பஸ் ஏறிய காலம் மெல்ல மாறுகிறது. தியேட்டர்கள் கூடக்கூட டிரைவ் பெட்டிகளும் கூடும். அரசு மருத்துவமனைகளில் அந்தப் பெட்டி பொதுப்பணித்துறை மின்பிரிவின் பொறுப்பு. தியேட்டர் மயக்கவியல் டாக்டரும் சிஸ்டரும் பார்த்துக்கொள்ளும் இடம். கரண்ட் பில்லோ கண்காணிப்பாளர் மேசைக்குப் போகிறது. கடைசி கேஸ் முடிந்ததை அறிந்தவர் சிஸ்டர், வேகத்தைக் குறைக்கத் தெரிந்தவர் எலக்ட்ரீஷியன், குறைத்தால் யாருக்கு லாபம் என்று தெரிந்தவர் கண்காணிப்பாளர். மூவரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, தியேட்டர் கதவுக்குப் பக்கத்தில், சிஸ்டரின் கைக்கெட்டும் உயரத்தில், பகல்–இரவு என்று ஒரு ஸ்விட்சும் பாசிடிவ் பிரஷர் காட்டும் ஒரு மீட்டரும் வைத்தால் போதும். அவசர கேஸ் வந்தால் அவரே தட்டிவிடலாம். நோயாளியை வார்டிலிருந்து கொண்டுவந்து, மயக்க மருந்து கொடுத்து, தோலைத் துடைத்துத் தயார் செய்ய எப்படியும் அரை மணி நேரம் ஆகும்.